மீதி ஒரு ஃபைல்

லேபர் கோர்ட்டில் சத்தியம் செய்துவிட்டு நான் சொன்னது பாதிதான். மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன். கதை கட்டுகிறாள் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. போவதற்கு முன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இது நள்ளிரவில் நடக்கவில்லை. கரண்ட் போகவில்லை. நாய் ஊளையிடவில்லை. மண்டையைப் பிளக்கிற வெயில். மத்தியானம் இரண்டு மணி பத்து நிமிடம். சர்வர் பதிவில் அந்த நேரம் இன்றைக்கும் இருக்கிறது.

என் பெயர் லவினா. காக்ஸ் டவுன். ஆபீஸ் பக்கத்திலேயே, ஜீவனஹள்ளியில், ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி. பெரிய கம்பெனிகளின் பழைய காகிதங்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் சேர்த்துவைக்கும் சின்ன இடம். சிஸ்டத்தில் எது மக்கர் செய்தாலும் சரிசெய்வது என் வேலை. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், பயம் லேட்டாக வரும். இது என் அம்மா சொன்னது.

எங்கள் வேலை எப்படி என்று ஒரு வரி. காகிதத்தை ஸ்கேன் செய்ததும் அந்தப் படம் முதலில் ஒரு தற்காலிக இடத்தில் வந்து விழும். அதற்குப் பெயர் கேஷ். அங்கிருந்து ஒரு நகல் பெரிய கிடங்குக்குப் போகும். எல்லாம் சரியாக இருந்தால், அசல் காகிதத்தை மெஷினில் போட்டுக் கிழித்துவிடுவோம். அதாவது, கிடங்கிலும் கேஷிலும் இருப்பதை அழித்துவிட்டால் அந்தக் காகிதம் உலகத்தில் இல்லை.

2024 மார்ச் மாதம் ஆனேக்கல்லில் இருந்து ஒரு பெண் எங்கள் ஆபீசுக்கு வந்தார். பெயர் சாந்தகுமாரி. அவர் கணவர் முனிகிருஷ்ணன் ஒரு சாயப்பட்டறையில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தவர். பாய்லர் வெடித்தது. வெந்த உடம்பை யாரோ ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அங்கேயே உயிர் போனது. பட்டறை முதலாளி என்ன சொன்னார் தெரியுமா? அன்றைக்கு முனிகிருஷ்ணன் டியூட்டிக்கே வரவில்லையாம். வெளியே எங்கேயோ அடிபட்டிருப்பாராம். கேட் ரெஜிஸ்டரைக் கேட்டால் தொலைந்துபோய்விட்டதாம்.

தொலையவில்லை. ஸ்கேனுக்கு எங்களிடம் வந்திருந்தது. அதை விசாரித்துக்கொண்டுதான் சாந்தகுமாரி வந்திருந்தார்.

"ஒரே ஒரு பக்கம் மேடம்," என்றார் சாந்தகுமாரி. "அவரு அன்னிக்கு உள்ள போனாருன்னு ஒரு பக்கம். அது போதும். கையெழுத்த பாத்தாலே கண்டுபுடிச்சிடலாம். பேருக்குக் கீழ ஒரு கோடு போடுவாரு. கோட்டுக்குக் கீழ ரெண்டு புள்ளி. எங்க ரெண்டு பொண்ணுங்களாம் அது."

மூன்று முறை வந்தார். மூன்று முறையும் எங்கள் மேனேஜர் டிரேவர் சார் திருப்பி அனுப்பினார். "கஸ்டமர் பர்மிஷன் இல்லாம ஒரு பேப்பரும் வெளிய போகாது." கடைசி முறை சாந்தகுமாரி தன் நம்பரும் வக்கீலின் மெயில் முகவரியும் எழுதிய சீட்டை என் கையில் திணித்துவிட்டுப் போனார். நான் அதை டிராயரில் போட்டேன்.

ஏப்ரல் முதல் வாரம் பட்டறையிலிருந்து கடிதம் வந்தது. ஒப்பந்தம் முடிந்தது, எங்கள் ஃபைல்கள் அத்தனையையும் அழித்துவிடுங்கள். கிடங்கில் இருந்ததை டிரேவர் சார் திங்கட்கிழமையே அழித்துவிட்டார். கேஷ் மட்டும் மிச்சம்.

"நாளைக்கு உகாதி. உனக்கு உகாதி இல்லையே லவினா. வந்து க்ளியர் பண்ணிடு."

எங்கள் ஊர் ஆபீஸ்களில் இதுதான் வழக்கம். கன்னட வருடப்பிறப்பான உகாதிக்குக் கிறிஸ்தவர்களான எங்களைக் கூப்பிடுவார்கள், கிறிஸ்துமஸுக்கு அவர்களைக் கூப்பிடுவார்கள். யாரும் முறைத்துக்கொள்வதில்லை.

அழிக்கச் சொன்னது யாருடைய காகிதம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் போனேன். அதை மறைக்க மாட்டேன். இந்தக் கதையில் வெட்கப்பட வேண்டியவர்கள் பட்டியலில் என் பெயரும் உண்டு.

ஏப்ரல் 9, செவ்வாய். கேட்டில் செக்யூரிட்டி ஆம்ப்ரோஸ் அங்கிள் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் உகாதி இல்லை. ரெஜிஸ்டரை என் பக்கம் தள்ளினார்.

"இன் டைம் எழுதும்மா."

"அங்கிள், பதினோரு வருஷமா வர்றேன்."

"லீவு நாள்ல யாரா இருந்தாலும் எழுதணும். போறப்ப அவுட் டைமும் எழுதணும். எழுதலன்னா நீ உள்ளயே இருக்கன்னு அர்த்தம். அப்புறம் நான் முட்டி வலியோட மூணு மாடி ஏறி உன்ன தேடணும்."

மற்ற இடங்களில் இந்தத் தொல்லை கிடையாது. ஷிஃப்ட் முடிந்ததும் செக்யூரிட்டியே எல்லோருக்கும் மளமளவென்று அவுட் டைம் போட்டுவிடுவார். ஆம்ப்ரோஸ் அங்கிள் அடுத்தவர் கட்டத்தில் பேனா வைக்க மாட்டார். நான் 1:35 என்று எழுதிவிட்டு மேலே போனேன்.

"பாத்ரூம்ல தண்ணி இல்ல!" என்று பின்னாலிருந்து கத்தினார். "டேங்கர் வரல!"

அந்த வருடம் ஊருக்கே தண்ணீர் இல்லை. குழாயைத் திறந்து பார்த்தேன். காற்றுதான் வந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மாடியில் நான் மட்டும். ஏசியை இருபதில் வைத்தேன். 2:05-க்கு அழிக்கச் சொல்லி உத்தரவு கொடுத்தேன். மொத்தம் 11,462 ஃபைல்கள். எண் கடகடவென்று இறங்கியது. ஒன்பதாயிரம். நாலாயிரம். எழுநூறு.

2:10. நின்றது.

மீதி: 1.

'இந்த ஃபைலை வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார். அழிக்க முடியாது.'

இது தினமும் பார்க்கிற பிழைதான். யாராவது ஒரு ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு மூடாமல் வீட்டுக்குப் போயிருப்பார்கள். மறுபடியும் கொடுத்தேன். அதே பதில். எனக்கு முழு உரிமை இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. 2:21-க்குக் கொடுத்தேன். அதே பதில். கேஷ் சர்வீஸை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். அதே பதில்.

"போடா, உன்ன மாதிரி எத்தன பேர பாத்திருக்கேன்," என்று ஃபைலைப் பார்த்துச் சொன்னேன். தனியாக இருந்தால் நான் கம்ப்யூட்டரோடு பேசுவேன்.

யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பட்டியலை எடுத்தேன். ஒரே ஒரு வரி.

இடம்: ஸ்கேன்-4. திறந்த நேரம்: 2:10.

இரண்டு பத்துக்கு மாடியில் நான் மட்டும்தானே இருந்தேன்...

அது கூடப் பரவாயில்லை. ஸ்கேன்-4 இரண்டு மாதமாக ஓடவில்லை. அதன் உள்ளே இருந்த போர்டை ரிப்பேருக்குக் கழற்றிக் கொடுத்ததே நான்தான். மேஜையில் இருப்பது வெறும் டப்பா.

பெயர் குழப்பமாக இருக்கும் என்று நினைத்தேன். 2:44-க்கு சர்வரையே ரீஸ்டார்ட் செய்தேன். சர்வர் அணைந்து எழுந்தால் யாருமே எதையும் திறந்து வைத்திருக்க முடியாது. அது விதி. எழுந்திருக்க ஒன்பது நிமிடம் ஆகும். ஃபேன் சத்தம் நின்றது. அறை அமைதியாகிவிட்டது.

அப்போதுதான் கேட்டது.

ஸ்ஸ்ஸ்ஸ்...

குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் ஒரு சத்தம் வருமே, அது. ஸ்கேனிங் ரூம் பக்கமிருந்து.

2:53. சர்வர் எழுந்தது. சத்தம் நின்றது. பட்டியலை எடுத்தேன்.

இடம்: ஸ்கேன்-4. திறந்த நேரம்: 2:10.

சர்வர் உயிர்பெற்றதே 2:53-க்கு. அதற்கு நாற்பத்து மூன்று நிமிடம் முன்னால் திறந்த ஃபைல் எப்படி இன்னும் திறந்திருக்கும்? பதினொரு வருடத்தில் நான் பார்த்ததில்லை. இன்றுவரை எந்த இன்ஜினியரும் எனக்கு விளக்கியதும் இல்லை. கேட்டவர்கள் எல்லோரும் "தப்பா படிச்சிருப்ப" என்றார்கள். நான் தப்பாகப் படிக்கவில்லை.

எழுந்து ஸ்கேனிங் ரூமுக்குப் போனேன். 3:05. கதவுப் பிடி சுட்டது. வெயில் படாத கதவு அது.

"யாருப்பா அது? வெளயாடாதீங்க."

உள்ளே அனல். ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. சாயம் கொதிக்கிற மாதிரி ஒரு நெடி. ஸ்கேன்-4 மூலையில் இருந்தது. பிளக் தரையில் கிடந்தது. மூடியைத் தூக்கினேன். கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. விரலால் துடைத்தேன். போகவில்லை.

ஆவி கண்ணாடிக்கு உள்பக்கம் இருந்தது.

கீழே பார்த்தேன். தரையில் ஈரம். பூட்ஸ் தடம். கதவிலிருந்து ஸ்கேன்-4 வரை வந்திருந்தது. திரும்பிப் போகவில்லை. கட்டடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

ஓடியிருக்க வேண்டும். மற்ற பெண்ணாக இருந்தால் ஓடியிருப்பாள். எனக்குக் கோபம் வந்தது. என் ஆபீஸ், என் சர்வர், என்னை யார் மிரட்டுவது? அந்த அறைக்குப் போகிற நெட்வொர்க் கேபிள் அத்தனையையும் வெடுக்கென்று பிடுங்கிப் போட்டேன். என் இடத்துக்கு வந்து பட்டியலை எடுத்தேன்.

ஸ்கேன்-4. 2:10.

அதுவரை அந்த ஃபைல் என்ன என்றே நான் பார்க்கவில்லை. அழிக்கிறவள் எதற்குப் படித்துப் பார்க்க வேண்டும்? இப்போது திறந்தேன். 3:31.

கேட் ரெஜிஸ்டர். ஒரு பக்கம். இரண்டாவது ஷிஃப்ட். பாய்லர் வெடித்த தேதி.

பதினேழாவது வரி. முனிகிருஷ்ணன். இன் டைம் 1:50. கையெழுத்து. அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி.

அவுட் டைம் கட்டத்தில் எல்லோருக்கும் 10:05 என்று ஒரே கையெழுத்தில் இருந்தது. செக்யூரிட்டி போட்டது. மேலே பதினாறு பேருக்கு, கீழே ஒன்பது பேருக்கு. பதினேழாவது கட்டம் மட்டும் காலி. தினமும் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற கை, அந்த ஒரு கட்டத்தில் மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறது.

பதினோராயிரத்துச் சொச்சம் ஃபைலில் அழியாமல் நின்றது அந்த ஒன்றுதான். வெகுநேரம் அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

4:50. போன் அடித்தது. டிரேவர் சார்.

"என்ன லவினா, முடிஞ்சுதா?"

"ஒண்ணு மட்டும் அழிய மாட்டேங்குது சார்."

"ஒண்ணுக்கா இவ்வளவு நேரம்? சும்மா சீன் பண்ணாத. கேஷ் டிஸ்க்கையே மொத்தமா ஃபார்மட் பண்ணிடு. நாளைக்கு காலைல ரிப்போர்ட் போகணும்."

வைத்துவிட்டார். ஃபார்மட் செய்தால் யார் திறந்து வைத்திருந்தாலும் போய்விடும். டிஸ்க்கே துடைத்த மாதிரி ஆகிவிடும். எனக்குத் தெரியும். அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு உத்தரவை டைப் செய்தேன். ஆம், செய்தேன். பதினொரு வருடப் பழக்கம், விரல் தானாகப் போனது.

திரை கேட்டது: எல்லாம் அழிந்துவிடும். சரியா? Y / N.

5:36.

ஸ்ஸ்ஸ்ஸ்...

இந்த முறை பக்கத்தில்.

என் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது. திரை மங்கியது.

பின்கழுத்தில் அனல்.

நாற்காலிக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள்...

சொட்.

Y எழுத்தின் மேல் ஒரு துளி.

சொட்.

நான் திரும்பவில்லை. மாதாவே... என்று மட்டும் வாய் முணுமுணுத்தது. அழுகை வந்தது. பயத்தில்தான். பொய் சொல்ல மாட்டேன்.

அப்புறம் ஒன்று தோன்றியது. இவர் என்னை என்ன செய்துவிட்டார்? அடித்தாரா? கழுத்தைப் பிடித்தாரா? வேலைக்குப் போன மனுஷன். போனார் என்று சொல்ல ஒருவனுக்கும் வாய் வரவில்லை. இருக்கிற ஒரே ஒரு காகிதத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவ்வளவுதானே? பயப்பட வேண்டியது இவரைப் பார்த்தா?

N அடித்தேன்.

"அழிக்க மாட்டேண்ணா," என்றேன். சத்தமாக. குரல் உடைந்தது. "சத்தியமா அழிக்க மாட்டேன். விடுங்க. நான் பாத்துக்கறேன்."

போனை எடுத்தேன். 5:39.

"சார், நான் இத அழிக்க மாட்டேன்."

"என்னது?"

"இது கேஸ்ல இருக்குற பேப்பர் சார். அந்த அம்மாவோட வக்கீலுக்கு இப்ப மெயில் போடறேன். உங்களுக்கும் காப்பி வரும். அதுக்கப்புறம் யாரு கை வெச்சாலும் கோர்ட்ல பதில் சொல்லணும். நீங்களும்."

"வேல போயிடும் லவினா."

"போகட்டும் சார்."

டிராயரிலிருந்து சீட்டை எடுத்து, அந்தப் பக்கத்தையும் சேர்த்து, மெயிலை அனுப்பினேன். பட்டியலை ஒருமுறை பார்த்தேன்.

காலி.

ஸ்கேன்-4 இல்லை. மூடிய நேரம்: 5:42.

கழுத்தில் அனல் இல்லை. ஏசி குளிர் சட்டென்று முதுகில் ஏறியது. இப்போது ஒரு பட்டனை அழுத்தினால் அந்த ஃபைல் போய்விடும். பிடித்திருந்த கையை அவர் எடுத்துவிட்டார். என்னை நம்பி.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு மூன்று மாடியும் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினேன். கேட்டில் ஆம்ப்ரோஸ் அங்கிள் "ஏய், ஏய்!" என்று கத்தினார். நான் நிற்கவில்லை. வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் மூச்சு வந்தது.

மறுநாள் வருஷத்தொடக்கு, உகாதி முடிந்து எல்லோரும் கறி சமைக்கிற நாள். ஜீவனஹள்ளி மட்டன் கடைகளில் வரிசை தெருமுனை வரை நின்றது. நான் என் சாமான்களை எடுக்க ஆபீசுக்குப் போனேன். வேலை போய்விட்டது என்று காலை ஏழு மணிக்கே மெசேஜ் வந்திருந்தது. ஃபைலை மட்டும் டிரேவர் சார் தொடவில்லை. அந்த மெயிலுக்குப் பிறகு அவருக்குத் தைரியம் வரவில்லை.

கேட்டில் ஆம்ப்ரோஸ் அங்கிள் கடுப்பில் இருந்தார்.

"நில்லு. நேத்து அவுட் டைம் எழுதாம ஓடிட்ட இல்ல? எழுது மொதல்ல."

"சாரி அங்கிள்."

"என்ன சாரி? உன்ன பாக்க வந்த ஆளு கூட ஒழுங்கா எழுதிட்டுத்தான் போனாரு."

பேனா கையில் நின்றது.

"என்ன பாக்க யாரு வந்தா?"

"காக்கி சட்ட போட்டவரு. ஒடம்பெல்லாம் தொப்பறையா நனைஞ்சிருந்துது. நல்ல வெயிலு, வேர்வன்னு நெனச்சேன். மேடம் மேல இருக்காங்க, போங்கன்னேன். நீ பாக்கல?"

ரெஜிஸ்டரைப் பார்த்தேன்.

என் வரிக்குக் கீழே அடுத்த வரி. அந்த இடத்தில் மட்டும் காகிதம் நனைந்து காய்ந்து சுருங்கியிருந்தது.

பெயர்: முனிகிருஷ்ணன். எங்கிருந்து: ஆனேக்கல். யாரைப் பார்க்க: லவினா மேடம்.

இன் டைம்: 2:10.

அவுட் டைம்: 5:42.

கையெழுத்து. ஒரு கோடு. இரண்டு புள்ளி.

போனில் படம் எடுத்தேன். நம்பாதவர்கள் வாருங்கள், காட்டுகிறேன். கேஸ் பத்து மாதம் நடந்தது. பட்டறை வக்கீல் என்னை மடக்கி மடக்கிக் கேட்டார். "எல்லாம் அழிஞ்சப்ப இது மட்டும் ஏன் அழியல?" நான் "யாரோ திறந்து வெச்சிருந்தாங்க சார்" என்றேன். உண்மைதானே. அன்றைக்கு முனிகிருஷ்ணன் டியூட்டியில்தான் இருந்தார் என்று கோர்ட் எழுதியது.

தீர்ப்பு வந்த அன்று கோர்ட் வாசலில் சாந்தகுமாரி அக்காவிடம் போன் படத்தைக் காட்டினேன். அவர் கையெழுத்தைப் பார்க்கவில்லை. அவுட் டைமைத்தான் பார்த்தார். விரலால் பெரிதாக்கி மறுபடி பார்த்தார்.

"உகாதி அன்னிக்கா?"

"ஆமாக்கா."

"எங்க தெருவுல அப்ப நாலு நாளா தண்ணி இல்ல மேடம். அன்னிக்கு ராத்திரி எட்டரைக்கு கதவு ஒரு தரம் தட்டுச்சு. தொறந்தேன். யாரும் இல்ல. வாசப்படி மட்டும் ஈரமா இருந்துச்சு. பூட்ஸ் தடம்." போனை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "உள்ள வந்த தடம்தான் மேடம். வெளிய போன தடம் இல்ல."

போனைப் பைக்குள் வைத்தேன்.

"பயமா இல்லையாக்கா?"

"எதுக்கு பயம்?" என்றார். "அவரு வீடு."